பறை முதல் செல்போன் வரை: நம்ம கதை யார் கையில்?

சேரிக்காரர்களுக்குக் கதை சொல்லத் தெரியாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கதை, பாட்டு, விடுகதை, ஒப்பாரி, சொலவடை எல்லாம் சேரியில் கொட்டிக் கிடக்கிறது என்று நாட்டுப்புறவியல் படித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு கதை சொன்ன சனத்துக்கு 'வரலாறு இல்லை' என்று சொன்னவர்களும் உண்டு. கதை இருக்கிறது, வரலாறு இல்லையாம். இது எப்படி?

கதை சொல்லும் கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பறை, அச்சு, சினிமா, ரேடியோ, டேப்பு, டி.வி., இப்போது செல்போன். ஒவ்வொன்று வரும்போதும் இரண்டு பேச்சு கிளம்பும். 'பழைய கதையெல்லாம் செத்துப் பூடுச்சி' என்று ஒரு பக்கம் புலம்பல். 'இனிமே எல்லாருக்கும் எல்லாம் கெடச்சிடும்' என்று இன்னொரு பக்கம் கொண்டாட்டம். நமக்கு இரண்டும் உதவாது. நாம் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். இந்தக் கருவியில் பேசுவது யார்? பேசியதை வைத்துக்கொள்வது யார்?

இந்தக் கேள்விகளோடு மாதனூர்ப் பக்கத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். மாதனூர், பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பெங்களூர் நெடுஞ்சாலையும் பாலாறும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இடம். ஒன்றியத் தலைமையிடம். 1989ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது எங்கள் பகுதி 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' ஆனது. பிறகு அம்பேத்கர் பெயர் போய் வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். டேனரியும் ஷூ கம்பெனியும் பீடியும்தான் இங்கே பிழைப்பு.

சேதி சொன்னவர்கள்

எங்கள் ஊர்களில் செய்தித்தாளுக்கும் ரேடியோவுக்கும் முன்னால் சேதி சொன்னது யார்? பறையர்கள்தான். கிஸ்தி கட்டச் சொல்வது, ஏரி மதகு திறப்பது, திருவிழாவுக்குக் காப்பு கட்டுவது, அதிகாரி வருவது, ஏலம் விடுவது எல்லாவற்றையும் தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொன்னவர்கள் நம் தாத்தாக்கள். 'இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்' என்று தொடங்கும் அந்தச் சேதியில் ஒரு வார்த்தைகூடச் சொன்னவனுடையது கிடையாது. வார்த்தை மணியக்காரருடையது. தொண்டையும் காலும் மட்டும் நம்முடையது. ஊரில் சாவு விழுந்தால் ஆறு தாண்டி, ராத்திரியென்றும் பாராமல் நடந்துபோய் சொந்தக்காரர்களுக்கு எழவு சொன்னதும் இவர்கள்தான்.

ஊருக்கெல்லாம் சேதி சொன்னவன், 'எங்க சேரிக்குத் தண்ணி இல்ல, அதையும் கேளுங்க' என்று அந்தத் தமுக்கிலேயே ஒரு சேதி சேர்த்துச் சொல்ல முடியுமா? சொன்னால் முதுகுத்தோல் உரிந்துவிடும். மாட்டுத்தோலைத் தொட்டவன் தீட்டு. அந்தத் தோலிலிருந்து வந்த சத்தம் மட்டும் ஊருக்கு வேண்டியிருந்தது.

பறையடிக்க மாட்டோம் என்று நம் ஆட்கள் மறுத்தது இதனால்தான். அந்த மறுப்பு சும்மா நடக்கவில்லை. அடி, உதை, ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் பார்த்துத்தான் நடந்தது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் 'வல்லிசை' நாவலில் இந்த மறுப்பைத்தான் கதையாக்கினார். 1990களுக்குப் பிறகு அதே பறையை விடுதலைக் கலையாக மேடையேற்றியவர்களும் நம்மவர்களே. பறையை உடைத்தவர் சரியா, மேடையில் அடித்தவர் சரியா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இருவரும் கேட்டது ஒன்றையேதான்: இந்தப் பறையில் யார் சேதி போகிறது?

2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றார். ஆண்டைக் கவனியுங்கள், 2022. ரேடியோ வந்து, டி.வி. வந்து, ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகும் தமுக்கடிக்க ஒரு மனிதன் தேவைப்பட்டிருக்கிறான். புதுக் கருவி வந்தால் சாதி தானாகக் கழன்றுகொள்ளும் என்று நம்புகிறவர்கள் இந்த ஆண்டை மறக்கக்கூடாது.

சேரிக்குள்ளே வேறு கதை ஓடியது. வேலை முடிந்து வந்து, கஞ்சி குடித்துவிட்டு ஆயாக்கள் சொன்ன கதை. சாவு வீட்டில் பெண்கள் சொன்ன ஒப்பாரி. ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைப்பது அறியாமை. செத்தவன் எங்கே பிறந்தான், எந்த ஆண்டையிடம் பண்ணையிருந்தான், யாரிடம் அடிபட்டான், யாரை நம்பிக் கெட்டான், எல்லாம் அதில் வரும். ஒரு கூலிக்காரனுக்கு எழுதப்பட்ட ஒரே வாழ்க்கை வரலாறு அதுதான். எழுதப்படவில்லை, பாடப்பட்டது. பொணத்தைத் தூக்கினதும் அதுவும் காத்தோடு போய்விட்டது. பேசியது நாம். வைத்துக்கொள்ள இடமில்லை.

ஒரு பைசாவும் ஒரு லட்சமும்

அச்சு வந்ததும் நம் முன்னோர்கள் சும்மா இருக்கவில்லை. 1869ல் வந்த 'சூரியோதயம்' தொடங்கி தலித் இதழ்களின் நெடிய வரிசையை ஜெ. பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1893ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று துணிந்து பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். 1907 ஜூன் 19ல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. 1914ல் அவர் இறக்கும்வரை நடந்தது.

பண்டிதர் செய்ததை இன்றைக்கும் நாம் சரியாக எடைபோடவில்லை. வாய்க் கதையை அவர் அச்சுக்குக் கொண்டுபோனார். கொண்டுபோனவர், 'பாமரர் கதை' என்று ஒதுக்கி வைக்காமல், அதைச் சாட்சியமாக நிறுத்தினார். தீபாவளி எள்ளெண்ணெய் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய நாள், கார்த்திகை தீபம் ஆமணக்கெண்ணெய் கண்ட நாள் என்றார். தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் வேலை செய்தபோது திருக்குறள் சுவடியைக் கொடுத்தார், அது எல்லிஸ் துரை கைக்குப் போனது என்ற குடும்பக் கதையை அவர்தான் அச்சில் பதிந்தார். வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவரை அது கதை. அச்சில் ஏறிய பிறகு, மறுக்கிறவனும் பதில் சொல்லியாக வேண்டிய வரலாறு.

எங்கள் பகுதிக்கு இதில் பங்கு உண்டு. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து சனங்கள் ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறிக் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். ஆண்டையிடம் அடிமைப்பட்டுக் கிடப்பதைவிட, பூமிக்குள்ளே போய்க் கூலி வாங்குவது மேல் என்று போனார்கள். கையில் காசு வந்தது. காசு வந்ததும் சங்கம் வந்தது, பள்ளி வந்தது, பத்திரிகை வந்தது. பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குத் தங்கவயல் மாரிக்குப்பத்திலும் திருப்பத்தூரிலும் கிளைகள் இருந்தன. நின்றுபோன 'தமிழன்' 1926ல் தங்கவயலில் இருந்துதான் மறுபடியும் வந்தது. அப்பாதுரையார் ஆசிரியர். சுரங்கக் கூலி போட்ட காசில் பத்திரிகை நடந்தது.

இங்கே நந்தனைப் பார்க்கலாம். பண்டிதர் 'தமிழன்' இதழில் எழுதிய 'இந்திரர் தேச சரித்திர'த்தில் நந்தன் ஒரு பௌத்த அரசன், வஞ்சனையால் வீழ்த்தப்பட்டவன். அந்தக் கதையின் விலை ஒரு பைசா. 1935ல் 'பக்த நந்தனார்' சினிமாவாக வந்தது. அதில் நந்தனாக நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். 1942ல் ஜெமினியும் தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தது. ஊர் ஊராகப் போனது எந்த நந்தன்? உருகி உருகிச் சிதம்பரம் போக அனுமதி கேட்ட நந்தன்தான். ஒரு பைசாவால் ஒரு லட்சத்தோடு மல்லுக்கு நிற்க முடியவில்லை.

தரை டிக்கெட்

சினிமாவை இப்படிக் குறை சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. எங்கள் பக்கத்தில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளம். திரௌபதியம்மன் கோயில் முன்னால் யார் எங்கே உட்கார்வது என்பதைச் சாதி முடிவு செய்தது. டூரிங் டாக்கீஸில் காசு முடிவு செய்தது. தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலை அரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்று கா. சிவத்தம்பி 1981ல் எழுதினார். தரை டிக்கெட் வாங்கியவனை எழுந்து போ என்று சொல்ல முடியாது. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் திரையில் ஓடியது என்ன? 1956ல் வந்த 'மதுரை வீரன்' படத்தை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.ஆர். படம். அருந்ததியர் தங்கள் வீரனாகக் கும்பிடுகிற சாமியின் கதை. படத்தில் அவன் காசி ராஜாவுக்குப் பிறக்கிறான், காட்டில் விடப்படுகிறான், செருப்புத் தைக்கிற தம்பதிகள் எடுத்து வளர்க்கிறார்கள். சக்கிலியர் வீட்டில் வளரலாம், பிறக்கக் கூடாது! இந்தத் திருத்தத்தைச் சினிமாக்காரர்கள்தான் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அச்சேறிய கதைப்பாடல்களிலேயே காசி ராஜா நுழைந்துவிட்டார். சினிமா அதை லட்சக்கணக்கான பேர் மனதில் ஆணியடித்து வைத்தது. தோலைத் தொட்டு வேலை செய்கிற எங்கள் பகுதி சனம், தோல் வேலைக்காரனின் மகனைப் பார்க்கப் போய், ராஜாவின் மகனைப் பார்த்துவிட்டு வந்தது. கொட்டகைக்குள் விட்டார்கள், கதைக்குள் விடவில்லை.

மொறமும் ரேடியோவும்

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடிதான் பெண்களின் வேலை. மொறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நிழலில் உட்கார்ந்தால் கை பாட்டுக்குச் சுற்றும், வாய் பாட்டுக்குப் பேசும். கதை வளர்கிற இடம் அது. அப்புறம் ரேடியோ வந்தது. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டி.வி. வந்தது. சீரியல் ஓடிகினே இருக்கும், பீடி சுத்திகினே இருப்பாங்க. பேச்சு குறைந்தது. சொல்லிக்கொண்டிருந்த வாய்கள் கேட்கும் காதுகளாக மாறின.

இப்படித்தான் ஆகவேண்டும் என்று விதி இல்லை. 1865ல் கியூபாவின் ஹவானாவில் சுருட்டுத் தொழிலாளர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நம்மில் ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிக்கட்டும், அவருக்குக் கூலி நாம் போடுவோம் என்றார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய அரசு அதைத் தடை செய்தது. எதற்குப் பயந்தது என்று சொல்லத் தேவையில்லை. தடையைத் தாண்டியும் அந்த வழக்கம் நிலைத்தது. ரேடியோ வந்த பிறகும் படிப்பவர் போகவில்லை. இந்தப் பக்கம் கேரளத்தில் கண்ணூர் பீடித் தொழிலாளர்களும் இதே மாதிரி ஆள் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். படிக்கிறவர் பங்குக்கு மற்றவர்கள் பீடி சுற்றிக் கொடுத்தார்கள். அங்கே என்ன படிப்பது என்பதைக் கூலி போட்டவர்கள் முடிவு செய்தார்கள். இங்கே பீடி வீட்டு வேலை. இலை கொடுக்கிறவன் ஒருத்தன், சீரியல் எடுக்கிறவன் ஒருத்தன். நடுவில் பெண்கள்.

டேப்பில் பதிந்த குரல்

டேப் ரெக்கார்டர் வந்தபோது ஒரு பெரிய மாற்றம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரின் குரலும் அப்படியே நின்றது. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் காரணி என்ற ஊரில் பண்ணைவேலை செய்த வீரம்மா, தன் வாழ்க்கையை ஜோசியான் ரசீனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனையும் டேப்பில் பதிந்தது. கதையும் பாட்டும் கிண்டலும் அழுகையும் கலந்த பேச்சு. 1995ல் அது புத்தகமாக வந்தது, பிரெஞ்சு மொழியில். 1997ல் ஆங்கிலத்தில். தமிழில் சொன்ன கதை உலகம் சுற்றியது. சொன்ன மொழிக்காரர்களுக்குத்தான் அது கடைசியாகத் தெரிந்தது. பதிந்தவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் பதியாவிட்டால் அந்தக் குரலே இல்லை. நம்மிடம் பதியும் கருவியும் இல்லை, பதிப்பகமும் இல்லை என்பதுதான் விஷயம்.

அம்பேத்கர் நூற்றாண்டான 1991ஐ ஒட்டி நிலைமை மாறத் தொடங்கியது. 1992ல் பாமாவின் 'கருக்கு' வந்தது, பேச்சு மொழியிலேயே. 1997ல் 'தலித் முரசு' வந்தது. வாயால் சொன்னதற்கும் எழுத்துக்கும் நடுவில் இருந்த சுவரில் அப்போது விழுந்த ஓட்டை பிறகு அடைபடவே இல்லை. 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். உயர்நீதிமன்றம் 1973ல் குற்றவாளிகளை விடுவித்தது. அங்கே எடுபடாமல் போன சாட்சியம், பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'இராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் நின்று பேசியது. நீதிமன்றம் கேட்காததைக் கேமரா கேட்டது.

எல்லார் கையிலும்

இப்போது கேமரா எல்லார் கையிலும் இருக்கிறது. 2016க்குப் பிறகு நெட் மலிவாகிவிட்டது. ஷூ கம்பெனி பஸ்ஸில் போகிற பெண் பிள்ளைகளைப் பாருங்கள். பாதிப்பேர் போனில் ஏதாவது பார்த்துகினு வருவாங்க, மீதிப்பேர் எடுத்துகினு வருவாங்க. ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், மேனேஜர் மாதிரி நடித்துக் காட்டுகிறார்கள். ஆயா சொன்ன கிண்டல் கதை வேறு உருவத்தில் வந்திருக்கிறது. அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், கூத்தைப் பார்த்தும் ஒரு காலத்தில் முகம் சுளித்தவர்கள்தான்.

திரையிட அனுமதி மறுக்கப்பட்ட திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017ல் யூடியூப் வழியாக மக்களிடம் போனது. போலீஸ் மண்டபத்தைப் பூட்டலாம், எல்லார் போனையும் பூட்ட முடியாது. 2018ல் 'பரியேறும் பெருமாள்' வந்தது, 'காலா' வந்தது. 2024 ஆகஸ்டில் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. வட ஆற்காட்டுச் சேரியிலிருந்து தங்கம் தோண்டப் போன நம் முன்னோர்களின் கதையை, காசி ராஜா யாரும் குறுக்கே வராமல், திரையில் பார்த்தோம். படத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கட்டும். 1956க்கும் 2024க்கும் நடுவில் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற ஆள் மாறியிருக்கிறான்.

ஆனால் அதே போன் அவர்கள் கையிலும் இருக்கிறது. 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோடு கோயிலில் இருந்து கடத்திக் கொல்லப்பட்டார். முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேசிப் பேசிப் பரப்பினான், வீரன்போல வலம் வந்தான். அந்த வழக்கில் மனித சாட்சி பிறழ்ந்தபோதும் கோயில் கேமராவில் பதிந்த காட்சி பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கருவி யார் பக்கமும் இல்லை. நாம் சொன்னால் நம்பாத நாடு, இயந்திரம் சொன்னால் நம்புகிறது. 'பேப்பர்ல கீதுன்னா நம்புவானுங்க, நாம சொன்னா நம்பமாட்டானுங்க' என்று எங்க ஆயா சொல்லும். பேப்பர் இருந்த இடத்தில் இப்போது கேமரா.

சொல்லப்படாத கதைகளும் அப்படியே இருக்கின்றன. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு ஒப்பாரி சொல்லவும் இங்கே ஆளில்லை. டி.வி.யில் ஓடியது. அதோடு சரி. நம் தாத்தாக்கள் இறங்கிய தொட்டியில் இன்றைக்கு இன்னொரு மொழி பேசும் ஏழை இறங்குகிறான். அவன் கதையைக் கேட்பதும் நம் கடமைதான்.

வைத்துக்கொள்வது

இனி இரண்டாவது கேள்வி. பேசுகிறோம், சரி. வைத்துக்கொள்வது யார்?

2020 ஜூன் 29ல் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. தடைக்கான காரணம் சீனாவோடு எல்லைச் சண்டை. ஆனால் எத்தனை சேரிப் பிள்ளைகளின் பாட்டும் ஆட்டமும் நடிப்பும் அதோடு போனது? கணக்கு கிடையாது. தங்கள் படத்தைத் தாங்களே திரும்பப் பார்க்க முடியவில்லை. ஒப்பாரி காத்தோடு போனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்று வைக்க இடமில்லை. இன்று வைத்த இடம் நம்முடையது இல்லை.

அச்சுக் காலத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 'பறையன்' இதழின் பிரதிகள் நமக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் அரசாங்கம் சுதேசிப் பத்திரிகைகளைக் கண்காணிக்க ஆங்கிலத்தில் எடுத்து வைத்த சுருக்கங்களில் இருந்துதான் அதில் என்ன எழுதியிருந்தது என்று ஆய்வாளர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். நம்மவர் தமிழில் எழுதியது, வேவு பார்த்தவன் குறிப்பில் தங்கியிருக்கிறது. 'தமிழன்' அப்படிப் போகவில்லை. பழைய பௌத்தக் குடும்பங்கள் பிரதிகளை வீட்டில் வைத்துக் காப்பாற்றின. அதனால்தான் ஞான. அலாய்சியஸ் தொகுக்க முடிந்தது. 1999ல் பாளையங்கோட்டையில் இருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தபோது தமிழக வரலாற்றையே திருப்பிப் படிக்க வேண்டியதாயிற்று. எந்த நூலகமும் செய்யாததைச் சில கூலிக் குடும்பங்கள் செய்திருக்கின்றன.

ஆகவே எழுதுகிற, படிக்கிற, களத்தில் நிற்கிற தோழர்களுக்குச் சொல்ல இருப்பது வேலைதான். போனில் பதியுங்கள், ஆனால் போனில் மட்டும் விட்டுவிடாதீர்கள். சொன்னவர் பெயர், ஊர், நாள், என்ன வேலை செய்தார் என்பதை எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம். பதிந்ததில் ஒரு பிரதியைச் சொன்னவர் வீட்டிலேயே கொடுங்கள். இன்னொன்றை வேறு ஊரில் வையுங்கள். முடிந்ததை அச்சில் கொண்டுவாருங்கள். கம்பெனிக்காரன் கணினியில் இருப்பதை நம் சொத்து என்று நினைக்காதீர்கள்.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. அதில் இறங்கியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள். தமுக்கைக் கீழே போட்டவர்கள், எழவு சொல்ல ராத்திரியில் பாலாறு தாண்டியவர்கள், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று காலைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள், ஒப்பாரி முழுசாகத் தெரிந்த கடைசி ஆயாக்கள் மாதனூர் ஒன்றியத்துக் காலனிகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேசத் தயார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போகலாம்.